டயமண்டில் வழி தவறும் வேகன் – கடிதம்

வணக்கம்.

மாதிரி ரயில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கையால் தண்டவாளம் போட ஆரம்பித்தேன். அடிக்கு 4 மி.மீ. அளவு, நம் அகலப்பாதை, அதனால் 22 மி.மீ. கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம்). பாதை இரண்டாகப் பிரியும் சாதாரண பாயிண்ட் நாலைந்து செய்தேன், எல்லாம் ஓடுகின்றன. இப்போது ஒரு டபுள் ஸ்லிப், அதாவது இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும் இடத்திலேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் வழி உள்ளது. நம் பாதைகளில் பார்த்தபடியே 1-க்கு 12 கோணத்தில் (12 அளவு நீளத்துக்கு 1 அளவு விலகும்) வரைந்து, செப்புத்தகடு ஒட்டிய ஸ்லீப்பரில் சாலிடர் வைத்து முடித்துவிட்டேன். ஆறு சக்கர எஞ்சின் தாண்டிவிடுகிறது. நாலு சக்கர வேகன் மட்டும் நட்டநடுவில், தண்டவாளங்கள் விரிகோணத்தில் வெட்டும் கே கிராசிங்கில், தப்பான பக்கம் நுழைந்து கவிழ்கிறது. கேஜ் எங்கும் 22 சரியாக இருக்கிறது. அரத்தால் இன்னும் கொஞ்சம் ராவட்டுமா? இந்த வம்பே வேண்டாம், ரெடிமேடாக வாங்கிப் போடு என்கிறார் நண்பர்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அரத்தைக் கீழே வையுங்கள். ராவ ராவ இடைவெளிதான் கூடும், வேகன் இன்னும் சுலபமாக வழி தவறும்.

நாலைந்து பாயிண்ட் ஓடுகிறது என்றால் கைவேலையில் பெரிய குறை இருக்காது. எனக்குச் சந்தேகம் கோணத்தின் மேல்தான். 1-க்கு 12 பாயிண்டுக்கு அருமையான கோணம், பயணிகள் வண்டி போகும் பாதைகளில் நம்மிடம் அதுதான் வழக்கம். ஆனால் டபுள் ஸ்லிப் என்பது அடிப்படையில் ஒரு டயமண்ட் கிராசிங் (இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும் இடம்), அதன் வயிற்றுக்குள் இரண்டு வளைவும் எட்டு டங் ரயிலும் (நகர்ந்து பாதையை மாற்றும் கூர்முனைத் தண்டவாளம்) திணித்தது, அவ்வளவுதான். டயமண்டுக்கு வேறு கணக்கு. பாயிண்டில் ஒரு சக்கரம் வி மூக்குக்கு (இரண்டு தண்டவாளம் V போலச் சேரும் முனை) முன்னால் உள்ள பள்ளத்தைத் தாண்டும்போது, அதே அச்சின் மறுசக்கரம் இடைவெளி இல்லாத முழுத் தண்டவாளத்தில், அதன் உட்புறம் ஒட்டி நிற்கும் காவல் துண்டான செக் ரயிலின் பிடியில் ஓடிக்கொண்டிருக்கும். கே கிராசிங்கில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பள்ளத்தில் இருக்கின்றன. கோணம் படுக்கப் படுக்கப் பள்ளம் நீளும், ஒரு கட்டத்தில் அச்சைப் பிடிக்க ஆளே இல்லாமல் போகும். எஞ்சின் தப்பிப்பதற்குக் காரணம் மற்ற அச்சுகள் அதைப் பிடித்துக்கொள்வதுதான். பிரிட்டனில் 1-க்கு 8-ஐ விடப் படுத்த கோணத்தில் அசையாத டயமண்ட் போடக் கூடாது என்பதே விதி, அதற்கு மேல் போனால் கே கிராசிங்கிலேயே டங் ரயில் மாதிரி நகரும் மூக்கு வைப்பார்கள். நிஜ ரயிலுக்கே இப்படி என்றால் உங்கள் வேகன் பாவம் என்ன செய்யும். நகரும் மூக்கும் செய்யலாம், ஆனால் முதல் ஸ்லிப்பிலேயே வேண்டாம். தண்டவாளம் வரைவதற்கான டெம்ப்ளாட் மென்பொருள் இலவசம், அதில் 22 மி.மீ. கேஜ் கொடுத்து 1-க்கு 8-ல் புதிதாக வரைந்து அச்செடுங்கள்.

சரி, கேஜ் 22 எங்கும் சரி என்கிறீர்கள். இருக்கட்டும். கிராசிங்கில் வண்டியைக் காப்பாற்றுவது கேஜ் அல்ல, மூக்கிலிருந்து செக் ரயில் வரையான தூரம். இங்கிலாந்தில் 4 மி.மீ. அளவில் கையால் தண்டவாளம் போடுகிறவர்களில் பலர் இ.எம். கேஜில் இருக்கிறார்கள்: கேஜ் 18.2, சக்கர விளிம்பு போகும் வழி 1 மி.மீ., ஆக அந்தத் தூரம் 17.2. சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் 16.5. (முதலில் 18 என்றுதான் வைத்திருந்தார்கள், பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள்.) இதே இடைவெளிகளை உங்கள் 22-க்கு மாற்றினால் மூக்கிலிருந்து செக் ரயில் 21, சக்கரங்களுக்கிடையே 20.3. செக் ரயில் பக்கத்து வழி 1-க்குப் பதில் 1.3 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 என்பது 20.7 ஆகிவிடும். 20.3-உடன் விளிம்பின் தடிமன் ஒரு 0.6 சேர்த்தால் 20.9, விளிம்பு நேராக மூக்கில் போய் முட்டும். அப்போதும் உங்கள் கேஜ் 22 என்றுதான் காட்டும்.

இதை வெர்னியர் அளவுகோலில் அளப்பது தொல்லை, ஏனென்றால் அளக்க வேண்டிய இரண்டு முகமும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன: வி-யின் ஓடுமுகத்திலிருந்து, செக் ரயிலைத் தாண்டி அதன் மறுமுகம் வரை. ஒரு பித்தளைப் பட்டையில் செக் ரயில் நுழையும் அளவுக்குக் காடி வெட்டி, பட்டையின் முனையிலிருந்து காடியின் தூர விளிம்பு வரை 21 வரும்படி ராவிக்கொள்ளுங்கள். முனையை வி-யில் ஒட்டிப் பிடித்து, செக் ரயிலைக் காடியில் மாட்டி, அப்படியே சாலிடர் வைக்க வேண்டியதுதான். இதனால்தான் வி-க்களை முதலில் பதிக்கச் சொல்வது. மற்ற எல்லாம் அங்கிருந்து அளந்து வர வேண்டும், வெளி ரயிலிலிருந்து உள்ளே வந்தால் ஒவ்வொரு பிசகும் கடைசியில் மூக்கில் வந்து சேரும். அப்புறம் மூக்கைக் கத்தி மாதிரி தீட்டாதீர்கள். நிஜத்திலேயே அது முக்கால் அங்குலம் மழுங்கல், நமக்குக் கால் மி.மீ.

நண்பரிடம் 22 மி.மீ. ரெடிமேட் டபுள் ஸ்லிப் எந்தக் கடையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைச் சரக்கு பெரும்பாலும் 16.5 கேஜ், நம் அகலப்பாதை வண்டி அதில் ஏறினால் குறுகிய பாதை வண்டி போலத்தான் நிற்கும். அயர்லாந்து பாதை செய்கிறவர்களுக்கும் இதே கதி, அவர்களுக்கு 5 அடி 3 அங்குலம், 21 மி.மீ., அவர்களும் கையால்தான் போடுகிறார்கள். மனம் சோர்ந்தால் இங்கிலாந்தின் நியூகாசில் சென்ட்ரல் நிலையத்தின் கிழக்கு முனையைக் கோட்டைக் கோபுரத்திலிருந்து எடுத்த பழைய அஞ்சல் அட்டைகளைத் தேடிப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய கிராசிங் என்று பெருமை பேசிய இடம். உற்றுப் பார்த்தால் அத்தனையும் நீங்கள் ஏற்கெனவே செய்த அதே வி, அதே செக் ரயில்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் இருக்கும். டபுள் ஸ்லிப்பில் இடது பக்க வி-க்கு மின்சாரத்தின் எந்த முனை (பிளஸ்ஸா மைனஸ்ஸா) என்பதை வலது பக்க டங் ரயில்கள்தான் தீர்மானிக்கின்றன, ஏனென்றால் இடப்புறம் எந்தப் பாதை என்று தேர்ந்தெடுப்பவை அவைதான். வலது வி-க்கு இடது. ஸ்விட்சை மாற்றிக் கொடுத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும், நீங்கள் ஸ்லீப்பரில் செம்பு சரியாக வெட்டப்படவில்லை என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஸ்லிப்பைக் குப்பையில் போட வேண்டாம். அதன் வி இரண்டும் 1-க்கு 12தானே, சூடு காட்டிக் கழற்றி அடுத்த இரண்டு பாயிண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.