நெடுந்தூர ஓட்டப் பயிற்றுவிப்பாளர்கள் ஏன் மாணவர்களைப் பெரும்பாலும் மெதுவாகவே ஓடச் சொல்கிறார்கள்?

மெதுவோட்டம் என்பது பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சுவாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். கல்லூரியில் ஓட்டக்காரராக இருந்து பயிற்றுவிக்க வந்தவர்கள் பலர் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இவ்வேகத்தில் மாதக்கணக்கில் ஓடும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகி, பிராணவாயு தடையின்றிச் சேர்கிறது. இது குழம்பு வைப்பதைப் போன்றது: இளந்தீயில் கொதித்தால்தான் குழம்பின் உப்பும் புளியும் காய்க்குள் இறங்கும், பெருந்தீயில் அடிபிடித்துவிடும்.

சிங்கப்பூரின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராமல் உடல் சூடேறுவதால், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய, வேர்கள் புடைத்த காட்டுப்பாதையில் கடிகாரத்தைவிட மூச்சைக் கவனிக்கச் சொல்லும் பயிற்றுவிப்பாளரே என் மதிப்பில் உயர்ந்தவர்.

மெதுவாக ஓடிப் பழகினால் வேகம் போய்விடும் எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் விரைவோட்டமும் மேடேறும் ஓட்டமும் தனியே நடப்பதால் அவ்வாறு நேர்வதில்லை.