13 தாளா, 5 தாளா?

கேள்வி: என் மகன் இயற்பியல், கணிதப் பாடங்களுடன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், விமானியாக வேண்டும் என்கிறான். ஐரோப்பிய முறையிலான 13 தாள்களை எழுதிவிட்டால் உலகில் எங்கு வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். கட்டணத்துக்காக நகைகளை அடகு வைக்க எண்ணியிருக்கிறோம். எந்தத் தேர்வை எழுதச் சொல்வது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எந்த நாட்டு விமான நிறுவனத்தில் வேலை பார்க்கப் போகிறாரோ, அந்த நாட்டு லைசென்ஸுக்கான தாள்களையே உங்கள் மகன் எழுத வேண்டும். உலகம் முழுவதும் செல்லுபடியாகும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. 2020 இறுதியில் பிரிட்டன் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து விலகிய பிறகு, இரு பக்கத்து லைசென்ஸும் வேண்டுமென்ற மாணவர்கள் ஏறத்தாழ அதே பாடங்களுக்கு இரண்டு முறை தேர்வெழுத வேண்டியதாயிற்று. அண்டை நாடுகளுக்குள்ளேயே இந்த நிலை!

ஐரோப்பியத் தேர்வு தரமானதுதான். 13 தாள்களிலும் 75 சதவீதம் எடுத்து, 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அங்கே குடியிருந்து வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவருக்கு அந்த உழைப்பு எதற்கு? அந்த லைசென்ஸுடன் இந்தியாவுக்குத் திரும்பினாலும், ஏர் ரெகுலேஷன்ஸ் (விமான விதிகள்) உள்ளிட்ட, நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தாள்களை எழுதாமல் இங்கே பறக்க முடியாது.

இந்திய கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு ஏர் நேவிகேஷன் (வழி கணித்துப் பறத்தல்), மெட்டியராலஜி (வானிலையியல்), ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என 5 தாள்கள். தேர்ச்சிக்கு 70 சதவீதம். வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. இவற்றுடன் 200 மணி நேரப் பறத்தல். விமானத்தின் தலைமைப் பொறுப்பேற்பதற்கான உயர்நிலை லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் தேவைப்படுவதால், அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

பலர் தவறுவது டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் தாளில்தான். அது குறிப்பிட்ட ஒரு விமான வகையைப் பற்றியது. செஸ்னா 172-க்குப் படித்துத் தேறிய பிறகு, சேர்ந்த பள்ளியில் டைமண்ட் விமானம்தான் இருக்கிறது என்றால், பட்ட பாடு வீண். ஆகவே பறக்கும் பள்ளியை முடிவு செய்யும் வரை அந்தத் தாளைத் தள்ளி வையுங்கள். மற்ற நான்கையும் இங்கிருந்தபடியே முடிக்கலாம். தேர்ச்சிக்குக் காலவரம்பு உண்டு என்பதால், எழுதி முடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பறக்காமல் இருப்பதும் கூடாது.

முதலில் மெட்டியராலஜியை எடுக்கலாம் என்பது என் எண்ணம். கடற்காற்றைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகன் மொட்டை மாடியில் நின்றாலே போதும். கோடைக் காலையில் கடல் பக்கம் சாய்ந்திருக்கும் மணலிப் புகை, பிற்பகலில் மேற்கே திரும்பிவிடுகிறதல்லவா? வெயிலில் கரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. அதே நேரத்தில் ஓடுபாதையில் காற்றின் திசை மாறினால் விமானி என்ன செய்வார் என்று யோசிக்கத் தொடங்கினால், பாதிப் பாடம் கைவந்துவிடும்.

இவை அனைத்துக்கும் முன்பு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது: முதலில் கிளாஸ் 2, பிறகு லைசென்ஸுக்குக் கட்டாயமான கிளாஸ் 1. நிறப்பார்வைக் குறை போன்றவை அங்கேதான் தெரியவரும். கிளாஸ் 1 சான்று கைக்கு வரும் வரை நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.