7,000 பவுண்டு டிரெய்லருக்கு எந்தப் பிக்கப்?

7,000 பவுண்டு டிரெய்லர், வீட்டில் நான்கு பேர், ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கலாமா ராம் 1500 வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை விடுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இறங்கும், அதுவும் இந்தக் கணக்கில் சேரும்; 900 பவுண்டு என்று வையுங்கள். நான்கு பேர் 600. கூலர், அடுப்பு எல்லாம் தனி. ஸ்டிக்கரில் 1,700-க்குக் கீழே இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சன்ரூஃப் மாதிரி வசதிகள் சேரச் சேர இந்த எண் குறையும், அதனால் ஷோரூமில் நிற்கிற வண்டியிலேயே பாருங்கள். ராமுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங், சவாரி சொகுசு. சுமைக்கு என் ஓட்டு எஃப்-150-க்கு. அப்புறம், கராஜை அளந்தீர்களா? நாலு கதவு கேபினோடு ஆறரை அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றும் பகுதி) எடுத்தால் எஃப்-150-யின் நீளம் 20 அடியைத் தாண்டிவிடும்.