பர்மா செட்டியார் கடையின் விலாச எழுத்தை வைத்துக் குடும்ப வம்சாவளியைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்த எழுத்துகள் காட்டுகிற ஆள் உங்கள் பாட்டனாராக இல்லாமலும் போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. ஐயாவின் அப்பச்சி (அப்பா) ரங்கூனில் பெரிய லேவாதேவிக் கடை, அதாவது வட்டிக்கடை, நடத்தினார் என்பது வீட்டுப் பேச்சு. பெட்டகத்தில் 1934-ஆம் வருடத்துப் புரோநோட்டு ஒன்று இருக்கிறது. அதில் நான்கு எழுத்து விலாசம் (முகவரி அல்ல, கடையின் பெயர்) தெளிவாகத் தெரிகிறது, பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. இதிலிருந்து குடும்பக் கொடி வரைய வேண்டும்.

நான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை. யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். (தெருவின் பெயர் இப்போது ஷ்வே பொந்தா.) கிட்டங்கி என்றதும் சரக்கு அடுக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள், கடைக்கு ஒரு பெட்டி, ராத்திரி அதே இடத்தில் பாய். யார் எந்த வீட்டுப் பிள்ளை, யாருக்கு யார் பங்காளி என்பதெல்லாம் கணக்கு எழுதியவர்களைவிடச் சோறு போட்டவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லிக் கேட்டது பாதி. "எங்க ஐயா கடை இருந்த எடத்தப் பாக்கணும் தம்பி" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களோடு அலைந்து தெரிந்துகொண்டது மீதி.

சரி, விலாசம். அது கடையின் பெயர். முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளை மூத்தவரிலிருந்து வரிசையாக அடுக்குவது வழக்கம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு வம்சாவளியின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மைதானத்தின் பெயரான எம்.ஏ. சிதம்பரம் என்பதில் 'ஏ' அவருடைய அப்பா ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948), 'எம்' அப்பாவின் அப்பா முத்தையா. ராஜா பட்டத்துக்கு அடுத்து வந்த மகன் எம்.ஏ. முத்தையா, 1905-இல் பிறந்தவர். பாட்டன் பெயர் அப்படியே பேரனுக்கு! (அந்த 'ராஜா'வுக்கு நாடு எதுவும் கிடையாது. 1929-இல் வெள்ளைக்காரர் கொடுத்த பரம்பரைப் பட்டம். பணம் முதலில் வந்தது, பட்டம் பிறகு வந்தது.)

இப்படி ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் சுற்றி வருவதால், பத்திரத்தில் ஒரு முத்தையா தென்பட்டால் அவர் தாத்தாவா பேரனா என்று வருடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 'ராம.' என்பது ராமநாதனாகவும் இருக்கலாம், ராமசாமியாகவும் இருக்கலாம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் ஒருவர் பழைய விலாசத்தோடு இருப்பார், இன்னொருவர் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வார். அந்த ஒற்றை எழுத்து எப்போது முளைக்கிறது என்று பார்த்தால் வீடு எப்போது இரண்டானது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி முதலில் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். இங்கே கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முதலாளிகளே அல்ல. முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். மூன்று வருடக் கணக்குக்கு ஒரு ஏஜெண்டை அனுப்புவார். கூட அடுத்தாள், பெட்டியடிப் பையன். "கொண்டுவிக்கப் போயிருக்கான்" (வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போயிருக்கான்) என்பார்கள் ஊரில். கடன் கொடுப்பது, அடமானம் எழுதுவது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் முதலாளியின் விலாசத்தில் நடக்கும். ஆகவே பத்திரத்தின் நான்கு எழுத்தும் முதலாளியுடையவை, அதன் கீழே இருக்கும் கையெழுத்து ஏஜெண்டுடையது. உங்கள் பாட்டனார் இரண்டில் எவர் வேண்டுமானாலும் ஆகலாம். என்னிடம் வந்தவர்களில் "எங்க பாட்டன் ஏஜெண்டு" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 1930 வாக்கில் பர்மாவில் இருந்த செட்டியார் கடைகள் சுமார் 1,650. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால் எத்தனை ஏஜெண்டுகள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, விலாசத்தைவிட அந்தக் கையெழுத்தின் மிச்சத்தைக் கவனமாகப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் சுவீகாரம், அதாவது தத்து. சில வருடங்களுக்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். ஐராவதி டெல்டா பக்கத்துக் கோயில் ஒன்றில் அவர்கள் ஐயாவின் பெயரோடு உபயக் கல் கிடைத்தது. பெயர் சரி, ஊர் சரி, எழுத்து மட்டும் வேறு. கல் வெட்டினவன் தப்பாக வெட்டிவிட்டான் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். தங்கை அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டு அப்பத்தாவிடம் கேட்டார். "ஒங்க ஐயா மஞ்சநீர் குடிச்சு வந்தவுகதானே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று அந்த ஆச்சி சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். மஞ்சநீர் குடித்து வந்தவர் என்றால் தத்து வந்தவர். கல் வைத்தபோது பிறந்த வீட்டு எழுத்து, அப்புறம் பிள்ளை போன வீட்டு எழுத்து. அண்ணன் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை கூட்டுவது பங்காளிகளுக்குள் நடப்பதால் கோயில் மாறாது, எழுத்து மட்டும் மாறும்.

கோயில்தான் உங்களுக்கு உறுதியான பிடி. நகரத்தார் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த பிரிவு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் தங்கள் கோயிலில் ஒரு புள்ளி. ஒரே கோயிலுக்குள் பொதுவாகப் பெண் எடுப்பதில்லை. இளையாற்றங்குடியில் உட்பிரிவுகள் உண்டு என்பதால் அங்கே கணக்கு வேறு. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்கள் என்றாலும் அண்ணன் தம்பி முறை, கொள்வினை கொடுப்பினை (பெண் எடுப்பது, கொடுப்பது) கிடையாது. உங்கள் கோயிலும் ஊரும் தெரிந்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் நூற்றுக்கணக்காகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), மொய்ப்பண ஏடு இரண்டையும் தேடுங்கள். மொய் ஏட்டைப் பலர் குப்பை என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப்போலக் கோபம் வரவழைப்பது வேறில்லை. யார் யார் வந்தார்கள், எந்த ஊர், எந்த விலாசம் என்று பெண் வழி உறவுவரை அதில் இருக்கும். விலாச எழுத்தில் ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) யாருக்கும் இடமில்லை. கடையில் போட்டு வைத்த ஆச்சிமார் பணத்துக்கு மட்டும் பேரேட்டில் இடம் இருந்தது.

உங்கள் நோட்டின் வருடமும் கவனிக்க வேண்டியது. நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப வழியில்லாத விவசாயிகளின் நிலம் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்த காலம் அது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்தது 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது வயல் அல்ல, பணம். ஆனால் வயலை இழந்த பர்மியருக்கு அந்த விளக்கம் ஆறுதலாக இருந்திருக்காது. உங்களைப் போலத் தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. வழக்கு நிறைய நடந்ததால் எழுத்தும் நிறைய மிஞ்சியது. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் ரங்கூன் வரிசையில் (1923–1937) கடைகளின் விலாசங்கள் வரும். ஊரில் நடந்த பாகப்பிரிவினை, சுவீகார வழக்குகளின் தீர்ப்புகளில் சில சமயம் வம்சாவளிப் படமே போட்டிருக்கும். பெரிய குடும்பம் என்றால் ஒரு வழக்காவது இல்லாமலா இருக்கும்!

இங்கேயே வந்து தேடினால் அதிகம் கிடைக்காது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மிஞ்சிய கடைகள் 1963–64 தேசியமயத்தோடு முடிந்தன. 1900-இல் மோல்மேனில் கடை தொடங்கிய ஏ.எம். முருகப்பச் செட்டியார் குடும்பத்தைப்போல, யுத்தத்துக்கு முன்பே பணத்தை இந்தியாவுக்கு நகர்த்தியவர்கள் தப்பினார்கள்.

இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும், எந்த வீட்டுக் கொடியிலும் அதை வரைய மாட்டார்கள். ஏஜெண்டுகள் மனைவியைக் கூட்டி வருவதில்லை. சிலருக்கு இங்கே பர்மியக் குடும்பம் இருந்தது. பர்மியப் பெயரில் அப்பாவும் இல்லை, பாட்டனும் இல்லை. பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில் ஒரு பெயர், திங்கள் என்றால் 'க' வரிசை, அவ்வளவுதான். மூன்று தலைமுறையைத் தலையில் சுமக்கும் பெயர்க்காரருக்கு, எந்தத் தலைமுறையும் ஒட்டாத பெயரோடு ஒரு பிள்ளை.

பேகுவில் அப்படி ஒரு அம்மாவைச் சந்தித்தேன், 15 வருடம் இருக்கும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நான்கு எழுத்தைப் பர்மிய உச்சரிப்பில் மந்திரம் மாதிரி சொன்னார். கணக்கு முடிக்க ஊருக்குப் போய்த் திரும்பி வராத அப்பாவின் பெயர் அதுதான் என்று அவருடைய அம்மா சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த எழுத்துகள் அவை. என் தாத்தா சோறு போட்ட கிட்டங்கியில் இருந்த கடை. அதன் முதலாளி பர்மாவுக்கே வராதவர். அந்த அம்மாவிடம் இருந்த நோட்டுப் புத்தகத்தில் நான்கையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில் எது என் அப்பா?" என்று கேட்டார்.

கடைசி எழுத்தைக் காட்டினேன்.