நிற்கிற கார், இறங்குகிற பேட்டரி

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த சிறிய பெட்ரோல் கார் இரண்டரை வருடமாக வாசலில் நிற்கிறது. கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மாதம் ஒருமுறை எடுத்தால் அதிகம். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். அப்படியும் இந்த வருடம் இரண்டு தடவை செல்ஃப் எடுக்கவில்லை. கடைக்காரர் புது பேட்டரி போடச் சொல்கிறார். போடத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஸ்ரீரங்கம்

பதில்: சார், முதலில் அந்தக் காலை ஐந்து நிமிடத்தை நிறுத்துங்கள். பாலக்கரையில் 31 வருடம் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். உங்களைப் போல அக்கறையாகத் தினமும் ஸ்டார்ட் செய்தவர்களின் பேட்டரிதான் என் கடைக்கு நிறைய வந்தது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலிருந்து 100, 150 ஆம்பியர் போகும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றிரண்டு விநாடிதானே? கணக்குப் போட்டால் பத்தில் ஒரு ஆம்பியர்-அவர் கூட வராது. (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர்-அவர்.) அதை உங்கள் ஐந்து நிமிடம் சரிக்கட்டிவிடும். கோளாறு மீதி 23 மணி 55 நிமிடத்தில் இருக்கிறது. கார் பூட்டி நின்றாலும் அலாரம், ரிமோட் பூட்டு, கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர், மாதத்துக்கு 21-க்கு மேல். உங்கள் காரில் இருப்பது அநேகமாக 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பாதிக்கு மேல் போயாச்சு. போதாததற்கு, நம்மூர் வெயிலில் பேட்டரி தானாகவும் கொஞ்சம் இறங்கும்.

ஐந்து நிமிடத்தில் இது ஏன் திரும்பி வராது என்றால், வண்டி நின்றபடி ஓடும் ஐட்லிங்கில், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோ மெதுவாகத்தான் சுற்றும். (ஆல்டர்னேட்டர் என்பதே சரி. எங்கள் கடையில் கடைசிவரை டைனமோதான்.) ஏசியும் போட்டுவிட்டால் வருவதில் பெரும்பகுதியை அதுவே சாப்பிட்டுவிடும். அதோடு, பேட்டரி சார்ஜை அவசரமாக வாங்காது. காய்ந்த தரையில் தண்ணீரைக் கொட்டினால் மேலோடு ஓடிவிடும், மெதுவாக விட்டால்தான் உள்ளே இறங்கும். அந்த மாதிரிதான் இதுவும். கடைசி 20 சதவீதம் ஏறத்தான் பல மணி நேரம் ஆகும்.

அரைவயிற்றோடு கிடக்கும் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று அறுத்தே பார்த்திருக்கிறேன். நல்ல பேட்டரியில் பாசிட்டிவ் பிளேட் சாக்லேட் நிறத்தில் இருக்கும், நெகட்டிவ் சாம்பல் நிறம். பட்டினி போட்டதில் இரண்டின் மேலும் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளை படிந்திருக்கும். திருப்புளியால் சுரண்டினால் நறநறவென்று இருக்கும். அது ஈய சல்பேட். புதிதாகப் படிந்தது என்றால் சார்ஜ் ஏற்றியதும் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாகி, அந்த இடம் அப்புறம் வேலை செய்யாது. 35 என்று எழுதியிருக்கும் பேட்டரி 20 ஆகிவிடுவது இப்படித்தான்.

சரி, புதிது வாங்கலாமா என்பதற்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில், சாவி போடும் முன் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி. 12.0 காட்டினால் கால்வாசிதான். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். (புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டர் இதை ஏற்றி இறக்கும், பதறாதீர்கள்.) ஏறவே இல்லையென்றால் பழுது டைனமோ பக்கம். புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான் நடக்கும்.

அடுத்து, பேட்டரியை மெதுவாக முழுசாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு, உங்களுக்கு 3.5 ஆம்பியர். கடையில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றி முடித்து அரை நாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே விழுந்தால் கடைக்காரர் சொன்னது சரி, மாற்றிவிடலாம். மாற்றும் முன் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள், இரண்டரை வருடம்தானே ஆகிறது.

இனிமேல் என்ன செய்வது? வாரம் ஒரு நாள் முக்கொம்பு வரை போய்த் திரும்புங்கள். போகவர அரை மணிக்கு மேல் ஆகும், அந்த வாரம் இறங்கிய 5 ஆம்பியர்-அவர் ஓரளவு திரும்பிவிடும். டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது. மாமியும் கூட வரலாம், காவிரியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. ஓட்ட முடியாதென்றால், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் வகை சார்ஜர் ஒன்று வாங்கி, மாதம் ஒரு ராத்திரி காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பழைய மாடல் சார்ஜரை ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுவிடும்.

மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறீர்கள் என்றால் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். மைனஸ்தான் முதலில். பிளஸ்ஸை முதலில் திறந்தால் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டுப் பொறி பறக்கும். என் இடது உள்ளங்கையில் 1994-ல் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. கடிகாரம் தப்பாகக் காட்டும், சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். அவ்வளவுதான். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாஸ்லின் தடவிவிடுங்கள்.

கேள்வி: புது பேட்டரி. ஆனால் இரண்டு நாள் காரை எடுக்காவிட்டால் செத்துவிடுகிறது. இரண்டு மெக்கானிக் பார்த்தும் எல்லாம் ஓகே என்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டு நாளில் என்றால் உள்ளே எதுவோ எரிகிறது அம்மா. என் சொந்தக் காரிலேயே இந்தக் கூத்து நடந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன், மூன்று வாரம் தேடினேன். கடைசியில் என் பேத்தி செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினாள். எடுத்துப் பார்த்தால், மூடிய டிக்கிக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது! ஸ்விட்ச் வளைந்திருந்தது. 5 வாட் பல்புதான். ஆனால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் காலி.

உங்கள் டிக்கியிலும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். பிறகு வெளிக்கடையில் மாட்டிய ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ் கருவி இவற்றைச் சந்தேகப்படுங்கள். மைனஸ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, காரைப் பூட்டி, அரை மணி பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகமென்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் நடுவே இருக்கும்போது யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டர் போய்விடும்.

கேள்வி: கழற்றிய பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறாரே அப்பா?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: பழைய காலத்தில் பேட்டரிப் பெட்டி மரத்திலும் கடின ரப்பரிலும் இருந்தது. ஈரத் தரை பட்டால் கசிவு உண்டு, அப்போது அது நியாயமான பேச்சு. இப்போது எல்லாம் பிளாஸ்டிக். தாராளமாகத் தரையில் வையுங்கள். ஆனாலும் அப்பாவுக்காக அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள், சண்டை எதற்கு?

கேள்வி: பேட்டரி டவுன் ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கியர் வண்டி என்றால், சாவி போட்டதும் டேஷ்போர்டு விளக்காவது எரிந்தால், இரண்டாவது கியரில் முயன்று பார்க்கலாம். விளக்கே எரியவில்லையென்றால் பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் இல்லை என்று அர்த்தம், மதுரை வரை தள்ளினாலும் எடுக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வேலையே வேண்டாம். ஜம்ப்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கும் ஒயர்கள்) வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு இரண்டு பிளஸ்ஸுக்கும் நடுவே. கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை செத்த பேட்டரியில் வேண்டாம், பொறி பறந்தாலும் ஆபத்தில்லாதபடி ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில்.