36 மணி நேர டியூட்டி: சீஃபிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகள் தென்மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. பொது மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். அவளுடைய யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளன்று காலை 8 மணிக்கு வார்டுக்குப் போனால் மறுநாள் இரவுதான் விடுதிக்குத் திரும்புகிறாள். இதற்கு வரம்பே கிடையாதா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 1992 உத்தரவு, சாதாரணமாக வாரம் 48 மணி, ஒரேயடியாக 12 மணிக்கு மேல் கூடாது என்கிறது. நோயாளிக் கூட்டத்தைப் பொறுத்துக் கண்காணிப்பாளர் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. முதுநிலை மருத்துவப் படிப்புக்கான 2023 விதிமுறை ‘நியாயமான வேலை நேரம்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி, தொடர்ந்து 24 மணிக்கு மேல் வேண்டாம் என்றது, அது பரிந்துரைதான்.

ஆக, எது நியாயம் என்பதை முடிவு செய்பவர் யூனிட் சீஃப், அதாவது அந்த மருத்துவர் குழுவின் தலைவர். டியூட்டி பட்டியலில் மறுநாள் ஓய்வு என்றே எழுதியிருக்கலாம். ரவுண்ட்ஸில் அவர், “இந்தக் கேஸை அட்மிட் செய்தது யார், ஆளையே காணோமே?” என்று முகம் சுளித்துவிட்டால் போதும், அடுத்த வாரம் ஒருவரும் அறைக்குப் போகமாட்டார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. “நாங்களெல்லாம் இப்படித்தான் படித்தோம்” என்ற பெருமை வேறு! அந்தப் பெருமையோடு வாதாடிப் பயனில்லை.

ஆனால் மூத்தவர்களின் ஒரு பயத்தில் பொருள் இருக்கிறது. மருத்துவர் மாறும்போது விஷயம் விட்டுப்போகும். அமெரிக்காவில் 2011-ல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு 16 மணி உச்சவரம்பு வந்தது. 2017-ல் அதை 24 ஆக்கிவிட்டார்கள். அங்கே எழுந்த வாதங்களில் இதுவும் ஒன்று. எனவே உங்கள் மகள் மணிக்கணக்கை விட்டுவிட்டு, ஒப்படைப்பிலிருந்து, அதாவது நோயாளியை அடுத்த மருத்துவரிடம் ஒப்படைக்கும் முறையிலிருந்து, பேச்சைத் தொடங்கட்டும்.

பிசான நடவுக் காலத்தில் வயலிலிருந்து பாம்புக்கடியோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். விஷமுறிவு மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த சோதனை எத்தனை மணிக்கு, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, கண் இமை தொய்கிறதா என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, வருகிற மருத்துவரைக் கட்டிலருகே நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகலாம். போனில் சொல்வது ஒப்படைப்பு ஆகாது.

யூனிட்டின் பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) சேர்ந்து, உதவிப் பேராசிரியர் ஒருவரை முன்னிறுத்திக் கேட்கட்டும்: காலை ரவுண்ட்ஸும் ஒப்படைப்பும் முடிந்ததும் போகலாமா, ஒரு மாதம் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று. தனியாகக் கேட்பவருக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும். தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சீஃப் மறுத்தால் துறைத்தலைவர், பிறகு டீன். எழுத்தில், அந்தக் குறிப்போடு. நீங்கள் மட்டும் சீஃபுக்குப் போன் செய்துவிடாதீர்கள், அம்மா. அதன் பலனை வார்டில் அனுபவிப்பது அவள்தான்.

இரவு டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் ஊருக்கு வருவதாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் வந்த ஆய்வு காட்டியது. நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிப்பது 0.03 வரைதான். பஸ்ஸில் வரட்டும்.