பிளேக் வந்து போன இங்கிலாந்து: கூலி, நிலம், பண்ணையடிமை பற்றிய கேள்வி பதில்

1348-ல் வந்த கொள்ளைநோய்க்கு அப்புறம் இங்கிலாந்து கிராமங்களில் கூலியும் நிலமும் எப்படி மாறின என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ராஜா ராணி கதை கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்தப் பக்கம் நான் போவதில்லை.

கே: பாதி ஜனம் செத்ததால் மிச்சம் இருந்தவர்கள் வசதியாகிவிட்டார்கள் என்கிறார்களே, அவ்வளவு நேரடியா?

இல்லை, அதற்கு இரண்டு தலைமுறை பிடித்தது. நோய் 1348 கோடையில் டார்செட் கடற்கரையில் இறங்கி, அடுத்த வருஷம் முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. செத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்பவர்களும் உண்டு, பாதி என்பவர்களும் உண்டு. கூலி உடனே ஏறியது உண்மைதான், ஆனால் சாமான் விலையும் கூடவே ஏறியது. 1370-களின் நடுவில்தான் தானிய விலை இறங்க ஆரம்பிக்கிறது, ஏறிய கூலி மட்டும் இறங்கவில்லை, உண்மையான வசதி அங்கேதான் தொடங்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கட்டட வேலைக்காரர் தன் கூலிக்கு வாங்க முடிந்தது, பிளேக்குக்கு முன்பு வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கிடையில் 1361-ல் நோய் திரும்ப வந்து குழந்தைகளை நிறைய வாரிக்கொண்டு போனது, அப்புறமும் விட்டு விட்டு வந்தது. ஜனத்தொகை நெடுங்காலம் மீளவே இல்லை, அதனால்தான் கூலியும் இறங்காமல் நின்றது.

கே: அதற்கு முன்னால் நிலைமை அவ்வளவு மோசமா?

மோசம்தான். 1300 வாக்கில் ஜனம் அதிகம், நிலம் துண்டு துண்டு. 1315 முதல் 1317 வரை விடாத மழையில் பயிர் அழிந்து பெரும் பஞ்சம், அது அடங்குவதற்குள் மாடுகளுக்குக் கோமாரி போல ஒரு நோய். பண்ணையடிமைக் குடும்பம் என்றால் பிரபுவின் சொந்த நிலத்தில் வாரத்தில் சில நாள் சும்மா உழைக்க வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றால் பணம் கட்ட வேண்டும், வீட்டுத் தலைவன் செத்தால் இருப்பதில் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார்.

கே: கூலி ஏறக்கூடாது என்று சட்டமே போட்டார்களாமே, பலித்ததா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. 1349-லேயே, நோய் இன்னும் ஓயாத நேரத்தில், அவசர ஆணை போட்டார்கள். 1351-ல் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. பிளேக்குக்கு முந்தைய கூலியைத்தான் வாங்க வேண்டும்: கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாளுக்கு 2 பென்னி, அதற்கப்புறம் 3 பென்னி, புல் வெட்டுபவருக்கு 5 பென்னி. நிலமோ தொழிலோ இல்லாத, அறுபது வயதுக்கு உட்பட்ட யாராக இருந்தாலும் கூப்பிட்டால் வேலைக்குப் போயாக வேண்டும். மீறுபவர்களைப் பூட்டிவைக்க ஊருக்கு ஊர் தொழுமரம்.

இதற்கென்று தனி நீதிபதிகளும் இருந்தார்கள், அபராதமும் கொட்டியது, சட்டம் வெறும் காகிதம் இல்லை. ஆனால் ஓட்டை எங்கே என்றால், நாடாளுமன்றத்தில் கை தூக்கியவருக்கே ஆகஸ்டில் கதிர் அறுக்க ஆள் வேண்டும், பக்கத்துப் பண்ணைக்காரர் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்வதற்குள் இவர் முந்த வேண்டும். கணக்கில் 3 பென்னி என்று எழுதிவிட்டு மேலே சாப்பாடு, துணி, தானியம் என்று கொடுத்தார்கள். முதலாளிகள் ஒற்றுமையாக இருந்திருந்தால் சட்டம் பலித்திருக்கும் என்பது என் கருத்து.

கே: 1381-ல் குடியானவர்கள் செய்த கிளர்ச்சியை அடக்கிவிட்டார்களே, பிறகு பண்ணையடிமை முறை எப்படி ஒழிந்தது?

கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் தலைவரி. 1377-ல் தலைக்கு 4 பென்னியாக இருந்ததை 1380-ல் 12 பென்னி ஆக்கினார்கள். சட்டக் கூலியில் அது நாலு நாள் அறுப்பு. எசெக்ஸ், கென்ட் ஆட்கள் லண்டனுக்குள் புகுந்து கேன்டர்பரி பேராயர் சட்பரியின் தலையையே வெட்டினார்கள். பதினாலு வயது ராஜா இரண்டாம் ரிச்சர்ட் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டு கூட்டம் கலைந்ததும் அடுத்த மாதமே எல்லாவற்றையும் ரத்து செய்தார்.

ஊர் ஊராக அவர்கள் தேடித் தேடி எரித்தது பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளை, யார் எந்த ஊழியத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதில்தான் இருந்தது. அதே மாதிரிப் பதிவேட்டின் நகல் பிற்பாடு குடியானவனுக்கு நிலப் பத்திரமாக உதவியது. ஆள் கிடைக்காத பிரபுக்கள் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள், ஊழியத்துக்குப் பதில் பணம் போதும் என்றார்கள், கெடுபிடி செய்தால் குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் போய்விடும், அங்கே இருப்பவர் எந்த ஊர் என்று கேட்காமல் நிலம் கொடுப்பார். ஒழித்ததாகச் சட்டம் எதுவும் கிடையாது, தேய்ந்து போனது. 1574-ல்கூட எலிசபெத் ராணி தன் நிலங்களில் மிச்சம் இருந்தவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்க ஆணை போட்டிருக்கிறார்.

கே: ஆள் பஞ்சம் வந்தால் விடுதலை வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. போலந்து, பிரஷ்யா பக்கம் பாருங்கள். ஆள் குறைவுதான், ஆனால் பிரபுக்கள் வலுவாக ஒன்றுசேர்ந்தார்கள், ஓடிப் போய் ஒளிய நகரங்கள் பலமாக இல்லை, டான்சிக் துறைமுகம் வழியாக நெதர்லாந்துக்கு தானியம் விற்றுக் காசு பார்த்தார்கள். 1520-ல் போலந்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது கட்டாய ஊழியம் என்று சட்டமே வந்தது, பிறகு அது கூடிக்கொண்டே போனது.

கே: பெண்கள் நிலைமையும் உயர்ந்ததா?

ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயாத விஷயம். அறுப்புக்கு நல்ல கூலி கிடைத்தது, 1351 சட்டம் அவர்களையும் கட்டியது. வீட்டில் ஏல் என்ற தானிய மது காய்ச்சி விற்பது பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்ட பீர் வந்து, போட வேண்டிய முதலீடு பெரிதானதும் அது ஆண்கள் கைக்குப் போனது. பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

கே: யார்க்‌ஷரில் வாரம் பெர்சி (Wharram Percy) போன்ற கிராமங்கள் பிளேக்கில் அழிந்தவைதானே?

சுருங்கின, அழியவில்லை. அங்கே கடைசியாக இருந்த சில குடும்பங்களை 1500 வாக்கில் நிலக்காரரே காலி செய்து ஆடு விட்டார். கம்பளிக்கு விலை இருந்தது, உழுவதற்குப் பத்து பேருக்குக் கூலி கொடுப்பதைவிட ஒரு மேய்ப்பனுக்குக் கொடுப்பது மலிவு. கூலி ஏறியதன் இன்னொரு பக்கம் இது.